முந்திச் செல்ல அனுமதி கேட்டவர்

நாச்சிமுத்து அண்ணன் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறையில் கரண்ட் போயிருந்தது. ஆட்கள் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். கைபேசியில் அவர் மனைவி சரசு அக்காவின் பெயர் தெரிந்தது. ஓட்டப் பந்தயம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அக்கா என்னை அழைத்ததே இல்லை.

“தம்பி, ஊட்லதானுங்க,” என்றார் அக்கா. “ரோட்ல இல்லீங்க. சாப்புட்டுப்போட்டு சேர்ல உக்காந்திருந்தாரு. கூப்புட்டா எந்திரிக்கலீங்க. போயிட்டாருங்க.”

கணவரைப் பறிகொடுத்த சூடு ஆறாத நேரத்தில், தன் துக்கத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்மணி எனக்கு ஆறுதல் சொன்னார். ‘ஊட்லதானுங்க’ என்ற அந்த ஒரு சொல் எனக்காகச் சொன்னது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. சாவுச் செய்தி கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவனை ஊர் நல்லவனாக நினைக்காது என்று எனக்குத் தெரியும். நம் ஓட்டக் குழுவில் அண்ணனோடு ஓடிய உங்களில் சிலருக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய குரலைத்தான் கேட்டேன். ஒரு மார்கழி விடிகாலையில், மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏனுங், சித்த முந்திக்கட்டுங்களா?” என்றது அந்தக் குரல். திரும்பிப் பார்த்தால் மங்கி குல்லா, மப்ளர், அரைக்கால் டிரவுசரோடு ஒரு மனிதர். இடுப்புக்கு மேலே ஊட்டி, கீழே கடற்கரை. ரோடோ காலியாகக் கிடந்தது. இரண்டு லாரிகள் பக்கம் பக்கமாகப் போகலாம், அவ்வளவு இடம். தாராளமாகப் போங்கள் என்றேன்.

பக்கத்தில் வந்தவர் முந்தவில்லை. எந்த ஊர், என்ன தொழில், வீட்டில் யார் யார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகின்றன, ஒரே மகள் சென்னையில் இருக்கிறாள் என்று ஓடியபடியே சொன்னேன். மனிதர் சட்டென்று நின்றுவிட்டார். ஓடிக்கொண்டே துக்கம் கேட்பது மரியாதை இல்லையாம். நின்று, என்ன நோய் என்று கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டி, அதன் பிறகுதான் நகர்ந்தார். அன்றைக்கு எனக்கு இட்லி அவர் வீட்டில். பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை, குடியிருப்பது துடியலூரில் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன டாக்டரின் பேச்சைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டு ஓட ஆரம்பித்தவர் அவர்.

நம் பக்கத்தில் பந்தயங்கள் எல்லாம் பனிக்காலத்தில்தான். டிசம்பர் பிறந்துவிட்டால் ஞாயிறுதோறும் எங்காவது ஒரு மைதானத்தில் காற்றடைத்த வளைவை நிறுத்தி, ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுவிடுவார்கள். விடியாத நேரத்தில் டாக்டர், வாத்தியார், பனியன் கம்பெனி முதலாளி என்று எல்லாரும் டிரவுசரில் நடுங்கிக்கொண்டு நிற்போம். இதற்காக நான் ஞாயிறு காலைப் பூசையை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். ஸ்டீபன், ஆண்டவரிடமிருந்து தப்பித்து ஓடுகிறான் என்று எங்கள் பங்குச் சாமியார் என்னை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தார்.

நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என்னையே திட்டிக்கொண்டு ஓடுகிற ரகம். அண்ணனிடம் கடிகாரமே கிடையாது. அவருடைய சிக்கல் வேறு. முன்னால் போகிற மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரால் முந்த முடியாது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இவர் கேட்பது காதில் விழாது. பதில் வராததால் இவரும் அவர்கள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். பதில் சொல்கிறவர்களிடம் இன்னும் மோசம். ஊர், உறவு எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பந்தயமே முடிந்துவிடும். இது பந்தயம், முந்துவதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நான் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னேன். “பந்தயம்னா ஒரு வார்த்தை சொல்லாமக் கொள்ளாமப் போயிரலாமுங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

பொள்ளாச்சிக்காரர் ஒருவரோடு அவர் செய்த கூத்தை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஒன்றாக ஓடி வந்து, எல்லைக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார்கள். நீங்க போங்க என்கிறார் இவர். பெரியவங்க நீங்க இருக்க நான் எப்படிங்க என்கிறார் அவர். ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்த இளைஞர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார். பின்னால் வந்த பெண்கள் கூட்டம் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போய் மெடல் வாங்கிவிட்டது. கடைசியில் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அண்ணன் அந்தப் பொள்ளாச்சிக்காரரின் தங்கமான குணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பிறகு அவருடைய இருதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். ஓட்டம் அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சில மாதங்கள் கழித்து, மெதுவாக ஓடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சரசு அக்காவுக்கு அந்த டாக்டர் மேல் வந்த கோபம் இன்னும் தீர்ந்திருக்காது. பனியில் மூச்சு இழுக்கும், நெஞ்சு அடைக்கும், ஆள் இல்லாத ரோட்டில் விழுந்து கிடப்பார் என்று அக்காவுக்குப் பயம். நியாயமான பயம்தான். எனக்கும் இருந்தது.

அதற்கு அடுத்த பனிக்காலத்தின் முதல் பந்தயத்தன்று, அவரை அழைத்துப் போகக் காரோடு போனேன். அண்ணன் உள்ளே ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா கேட் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“எனக்கு மெடலெல்லாம் வேண்டாமுங்க தம்பி. வேண்டாம்னு சொன்னாக் கேக்கற ஆளு இல்ல அவரு. கூட்டிட்டுப் போறது நீங்க. அதேமாதர கூட்டியாந்து உட்டுப்போடுங்க. ரோட்ல ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க.”

சரிங்க அக்கா என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பந்தயம் என்பது எல்லைக்கோட்டில் முடியவில்லை. துடியலூரில் அந்தக் கேட்டுக்குள் அவரை இறக்கிவிட்டால்தான் முடிந்தது. நான் கூடவே ஓடலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை. தன்னால் என் ஓட்டம் கெடுகிறது என்று நடு ரோட்டில் நின்றுகொண்டு, நான் முன்னால் போனால்தான் நகருவேன் என்று அடம்பிடித்தார். எனவே நான் முன்னால் முடித்துவிட்டு, வளைவுக்குக் கீழே நின்று அவருக்காகக் காத்திருப்பேன். மங்கி குல்லா கண்ணில் படுகிறவரை எனக்குத் தண்ணீர்கூட இறங்காது.

இரண்டு பனிக்காலங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. நகரத்துக்கு வெளியே, தோட்டமும் புது வீட்டுமனைகளும் கலந்து கிடக்கிற பாதை. பனி என்றால் அப்படி ஒரு பனி. முன்னால் ஓடுகிறவரின் முதுகு தெரியவில்லை. நான் முடித்துவிட்டு நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணனைவிட மெதுவாக ஓடுகிறவர்கள் எல்லாரும் வந்தாகிவிட்டது. கடைசி ஆளுக்குப் பின்னால் வருகிற ஆம்புலன்ஸும் வந்து நின்றது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. வழியில் யாரும் விழவில்லை என்றார் டிரைவர். அப்போது நம் குழுப் பெண் ஒருவர் என்னிடம் வந்து, திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வீட்டு வாசலில் கூட்டமாக இருந்தது, யாரோ தவறிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தொண்டரின் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். போகிற வழியெல்லாம் அக்காவிடம் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? கேட்டில் நின்று சொல்வதா, உள்ளே போய்ச் சொல்வதா? மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பனிக்குள் அந்த வீடு தெரிந்தது. சாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வேனிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே அண்ணனுடைய பச்சை நிற ஷூ இரண்டும் கிடந்தன. அவருடைய மகன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தவை. அந்தப் பச்சை வேறு யாரிடமும் கிடையாது. ஷூவைக் கழற்றி வைத்தவர் கால்களால் நடந்துதான் உள்ளே போயிருக்க வேண்டும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கம்பு நட்டுக்கொண்டிருந்தவரிடம், நெஞ்சில் நம்பர் குத்திய ஒருவர் என்று ஏதோ உளறினேன். “உள்ளதானுங்க இருக்காரு,” என்றார் அவர், வெகு அமைதியாக.

உள்ளே போனேன். கூடத்தில் பெயர் தெரியாத ஒரு பெரியவரைக் கிடத்தியிருந்தார்கள். சுவரோரம் பிளாஸ்டிக் சேர்களில் வரிசையாக ஆண்கள். அந்த வரிசையில், இரண்டு கிழவர்களுக்கு நடுவே, குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் நம்பரோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார் எங்கள் நாச்சிமுத்து அண்ணன். என்னைப் பார்த்தார். பக்கத்துச் சேரைக் கையால் காட்டினார்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். மனைவியை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நான் அப்படி அழுதது அன்றைக்குத்தான். அவர் உயிரோடு இருக்கிறார் என்கிற சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த, இறந்தவரின் மகன் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவருங்களா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? பக்கத்தில் அண்ணன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அங்கேயே அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலவும், கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

சாவு வீட்டில் விடைபெறுவது வழக்கம் இல்லை என்பதால் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தோம். வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஷூவை மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

“எழவு ஊட்டத் தாண்டி எப்படிங்க தம்பி ஓடறது? ஒரு பெரிய மனுசன் படுத்திருக்காரு. அவரு முன்னால டிரவுசரப் போட்டுட்டு வேடிக்க காட்டறதுங்களா? ஒரு நிமிசம் உக்காந்துட்டு வந்தரலாம்னுதான் போனனுங்க. உக்காந்தவொடனே எந்திரிச்சா நல்லாருக்குதுங்களா?”

திரும்பி வந்தோம். வளைவைக் கழற்றாமல் எங்களுக்காக வைத்திருந்தார்கள். ஒரு பெண் மெடலோடு ஓடி வந்தாள். அண்ணன் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். எழவு வீட்டிலிருந்து வருகிறேன், குளிக்காமல் கழுத்தில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது அம்மணி என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வளைவைச் சுற்றிக்கொண்டு போய்க் காரில் ஏறினார்.

வீட்டிலும் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. எழவு வீட்டுக்குப் போய் வந்தேன் என்று வெளியே நின்றபடியே தண்ணீர் கேட்டார். எழவு என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும், பனியில் பச்சைத் தண்ணீரில் குளித்துத் தொலைக்காதீர்கள் என்று திட்டிக்கொண்டே வெந்நீர் விளாவி எடுத்து வந்தார். பின்பக்கக் குழாயடியில் அவருக்கு ஊற்றும்போது, இறந்தவர் யார் என்று கேட்டார். தெரியாது என்றார் அண்ணன். அக்கா என் சிவந்த கண்களைப் பார்த்தார். “ஆருன்னே தெரியாம இத்தன அழுகையா தம்பி?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

போன பனிக்காலத்தில் அண்ணன் குறைந்த தூரப் பந்தயங்களுக்கு மட்டும் வந்தார். பாதி தூரம் ஓட்டம், பாதி தூரம் நடை. “ரோடு எங்கயும் போகாதுங்க. நாமதான் போயிட்டு வரோணும்,” என்பார். போய் வந்தார். ஒவ்வொரு முறையும் வந்தார். கடைசியாக நான் அவரை இறக்கிவிட்ட நாளும் மற்ற நாட்களைப் போலவேதான் இருந்தது; கேட்டைச் சாத்திவிட்டு, காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார், நான் நேரமாகிவிட்டது என்றேன்.

அண்ணன் இறந்த அன்று சாவு வீட்டில் அவருடைய பங்காளி ஒருவர், இந்த வயதில் பனியில் ஓடினால் வேறென்ன ஆகும் என்று என் காதில் விழும்படி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்: “ஓடி ஒண்ணும் ஆகலீங்க. ஒவ்வொருக்காவும் பத்தரமா ஊட்டுக்கு வந்தாரு. என்ற கண்ணு முன்னாலதான் போனாரு.” நெஞ்சில் வருடக்கணக்காக வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போல இருந்தது எனக்கு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அக்காவைப் பார்க்கப் போனேன். மகன் பெங்களூருக்குத் திரும்பியிருந்தார். வருகிற ஞாயிறு பந்தயம் இருக்கிறதாமே என்று அக்காவே பேச்சை எடுத்தார். இருக்கிறது, நான் போகப் போவதில்லை, மனசு வரவில்லை என்றேன். “போங்க தம்பி,” என்றார் அக்கா. “போயிட்டு, இங்க வந்து மூஞ்சியக் காட்டிப்போட்டு ஊட்டுக்குப் போங்க. உங்களுக்கும் வழி பாத்துட்டு உக்காந்திருக்க ஆரும் இல்லீங்கல்ல.”

போன ஞாயிறு ஓடினேன். பனி அதிகம், ஓட்டமும் சுமார்தான். முடித்த பிறகு தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வழியில் ரயில்வே கேட் வேறு. துடியலூர் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. அக்கா ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். என்னைக் கண்டதும், “ஏனுங்க இத்தன நேரம்?” என்று கேட்டார். விசாரிப்பு இல்லை அது, சுள்ளென்ற கோபம். என் மனைவி போன பிறகு, நேரம் கழித்து வந்ததற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. நாச்சிமுத்து அண்ணனுக்கு உரியதாக இருந்த அந்தக் கோபத்தைத்தான், அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்கிறேன்.